பழைய காருக்கு எந்த இன்சூரன்ஸ்? ராமநாதபுரம் கரையோரக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இன்சூரன்ஸ் முகவர் அல்ல. ராமநாதபுரம் பாரதி நகரில் என் தம்பி நடத்தும் டிங்கரிங் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அடிபட்ட கார் உள்ளே வந்ததும் தம்பி சுத்தியலைத் தேடுவான், நான் பாலிசித் தாளைத் தேடுவேன். கம்பெனி கொடுத்தது எவ்வளவு, கார்க்காரர் கையிலிருந்து போனது எவ்வளவு என்ற இரண்டு கணக்கும் என் நோட்டில்தான் ஏறுகின்றன. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். இங்கே பழைய கார் என்பது எட்டு, பத்து ஆண்டுக்கு மேல் ஓடிய சொந்தக் கார், டாக்ஸி அல்ல.

தேர்டு பார்ட்டி, ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறார்களே அக்கா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு நேரும் இழப்பைக் கொடுப்பது தேர்டு பார்ட்டி. உயிர் போனாலோ காயம்பட்டாலோ தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும் கிடைக்கும். பொருட்சேதம் என்றால் ஏழரை லட்சம் ரூபாய் வரை. உங்கள் கார் நொறுங்கினால் அதிலிருந்து ஒரு பைசா வராது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி இது இல்லாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது. பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடியும் சிக்கினால் 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் இதோடு சொந்தச் சேதமும் சேரும். பாலிசித் தாளில் ஓ.டி. என்று தனி வரியாக அதற்கான பிரீமியம் இருக்கும். மோதல், தீ, திருட்டு, கலவரம், புயல், வெள்ளம் எல்லாம் அதற்குள் வரும். 'ஃபுல்' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. அதிலிருந்து நழுவுகிற சங்கதிகள் நிறைய. கீழே வரும்.

எந்தக் கம்பெனியில் கேட்டாலும் தேர்டு பார்ட்டித் தொகை ஒன்றாகவே இருக்கிறதே, பேரம் பேச முடியாதா?

முடியாது. அது அரசு நிர்ணயிக்கும் தொகை. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலின்படி 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதையும் தாண்டினால் 7,897 ரூபாய். இதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. காரின் வயது இதில் கணக்கே இல்லை. இரண்டு வயதுக் காருக்கும் இருபது வயதுக் காருக்கும் ஒரே தொகைதான்.

யாராவது இந்தத் தொகையில் 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் மகிழ்ச்சியடையாதீர்கள், பாலிசி உண்மையானதா என்று சந்தேகப்படுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று காட்டும். பணம் கட்டிய சில நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்களே, அது என் காரின் விலையா?

கார் திருடுபோனாலோ, பழுது பார்க்க முடியாதபடி மொத்தமாகப் போனாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அது. புதிய காருக்கு இதற்குக் கழிவு அட்டவணை இருக்கிறது: ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 சதவீதம் குறையும், அடுத்து 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50. ஐந்து ஆண்டைத் தாண்டிய காருக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் தொகைதான்.

இந்த ஒரு வரியை யாரும் சொல்லித் தருவதில்லை. 'கம்ப்யூட்டரில் இதுதான் வருகிறது' என்று முகவர் சொன்னால் நம் ஆட்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளும் தொகை என்றால் நீங்களும் ஒரு தொகை சொல்லலாம் என்று பொருள். அதே வருடம், அதே மாடல் கார் ராமநாதபுரத்திலும் மதுரையிலும் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். கம்பெனி ஓரளவுக்குத்தான் ஏற்றும் என்றாலும், கேட்காதவருக்கு அதுவும் இல்லை.

ஒரு கம்பெனி 5,234 ரூபாய் சொல்கிறது, இன்னொன்று 6,190 சொல்கிறது. குறைந்ததை எடுத்தால் போதாதா?

உச்சிப்புளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் இப்படித்தான் இரண்டு கொட்டேஷனைக் கைபேசியில் காட்டினார். 2013ஆம் ஆண்டு கார், 1,197 சி.சி. பெட்ரோல். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதினேன். தேர்டு பார்ட்டி இரண்டிலும் 3,416. முதல் கம்பெனியில் ஐ.டி.வி. 1,05,000, ஓ.டி. பிரீமியம் 1,020. இரண்டாவதில் ஐ.டி.வி. 1,55,000, ஓ.டி. 1,480. இரண்டாவதில் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு 350 ரூபாய்க்குச் சேர்ந்திருந்தது. முதலாவதில் அதைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

இப்போது வித்தியாசத்தைப் பிரியுங்கள். மொத்தம் 956 ரூபாய். அதில் வரியோடு 413 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்குப் போகிறது. அந்தக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கானது. வேறு பாலிசியில் அது இல்லாத, ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்குக் கட்டாயம். மீதி 543 ரூபாய்தான் உண்மையான வித்தியாசம். அந்த 543 ரூபாய்க்கு, கார் மொத்தமாகப் போனால் 50,000 ரூபாய் கூடுதலாக வரும். ஆசிரியர் கணக்கு வாத்தியார்தான். சிரித்துவிட்டு இரண்டாவதையே எடுத்தார்.

ஆகவே ஒப்பிடும்போது கடைசி வரியைப் பார்க்காதீர்கள். தயாரிப்பு ஆண்டு, சி.சி., எரிபொருள், ஐ.டி.வி., என்.சி.பி. (கிளைம் போடாததற்கான போனஸ்) சதவீதம், கழிவுத் தொகை (ஒவ்வொரு கிளைமிலும் நாம் ஏற்கும் பங்கு) ஆகியவை எல்லாக் கொட்டேஷனிலும் ஒன்றாக இருக்கும்படி போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சும் வித்தியாசம் ஓ.டி. வரியில்தான் இருக்கும். கம்பெனிகளின் தள்ளுபடி விளையாடும் இடம் அது ஒன்றுதான்.

கழிவுத் தொகையை நாமே ஏற்றிக்கொண்டால் பிரீமியம் குறையும் என்கிறார்களே?

ஒவ்வொரு கிளைமிலும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாகக் கழிப்பார்கள். அதற்கு மேலும் 'நானே 5,000 ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் ஓ.டி. சற்றுக் குறையும். பழைய காரின் ஓ.டி. தொகையே ஆயிரம், இரண்டாயிரம்தான். அதில் நூற்றுக்கணக்கில் மிச்சம் பிடிக்க 5,000 ரூபாயைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்.சி.பி. 50 சதவீதம் என்கிறார்கள். ஆனால் பிரீமியம் பாதியாகவில்லையே?

கிளைம் போடாத ஆண்டுகளுக்கான போனஸ் அது. முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. அதற்கு மேல் ஏறாது. ஓ.டி. பகுதியில் மட்டும்தான் கழிப்பார்கள். தேர்டு பார்ட்டியில் கைவைக்க முடியாது என்று மேலேயே பார்த்தோம்.

இந்தப் போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. பழைய காரை விற்றால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஒரு எச்சரிக்கை: சென்ற ஆண்டு கிளைம் வாங்கியதை மறைத்து 'கிளைம் இல்லை' என்று அழுத்திவிட்டால் கொட்டேஷன் அழகாகக் குறையும். விபத்து நடந்ததும் புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்கும். பொய் வெளிப்பட்டால் கிளைம் அங்கேயே நின்றுவிடும். கம்பெனி மாறும்போது இதைத் தட்டுபவர் நீங்களாக இருக்க வேண்டும். முகவர் கையில் விடாதீர்கள்.

ஃபுல் இன்சூரன்ஸ்தான் போட்டிருந்தேன். பட்டறை பில் 28,800 வந்தது, கம்பெனி 20,400தான் கொடுத்தது. ஏமாற்றிவிட்டார்களா தங்கச்சி?

இல்லை அண்ணே, அந்த பில்லை எழுதியதே நான்தான். பன்னிரண்டு ஆண்டுக் கார், தேவிபட்டினம் சாலையில் மாடு குறுக்கே வந்து முன்பக்கம் போயிருந்தது. கிளைமில் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரிக்குக் காரின் வயது எதுவானாலும் பாதி. இரும்புத் தகட்டுக்கு வயதைப் பொறுத்து ஏறும்: ஐந்து முதல் பத்து ஆண்டு வரை 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. கூலிக்கும் இல்லை. பெயிண்டிங் தொகையில் நான்கில் ஒரு பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள்.

இனி உங்கள் பில். பம்பர் 3,600, வந்தது 1,800. முகப்பு விளக்கு 3,200, வந்தது 1,600. பானெட் தகடு 6,000, வந்தது 3,000. முன் கண்ணாடி 4,500, முழுதாக வந்தது. டிங்கரிங் கூலி 3,500, அதுவும் முழுதாக. பெயிண்டிங் 8,000, வந்தது 7,000. கூட்டினால் 21,400. கட்டாயக் கழிவு 1,000 போக 20,400. ஒரு ரூபாய்கூடப் பிசகில்லை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தேய்மானமெல்லாம் பாகம் மாற்றும்போதுதான். பாலிசி விதிப்படி கணக்கிட்ட பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை மொத்த இழப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது பாகம் பாகமாகக் கழிப்பது கிடையாது, ஐ.டி.வி. தொகையே கணக்கு. பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடுவது பம்பருக்காக அல்ல, அந்த மொத்த இழப்பு நாளுக்காக. ஐ.டி.வி.க்கு நான் ஏன் இவ்வளவு மன்றாடுகிறேன் என்று இப்போது புரியும்.

பம்பர் டு பம்பர் போட்டால் இந்தக் கழிவெல்லாம் இல்லையாமே?

உண்மைதான். ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் அதை ஐந்து ஆண்டு வரையுள்ள காருக்குத்தான் தருகின்றன. சில இன்னும் சில ஆண்டு நீட்டுகின்றன. பத்து வயதுக் காருக்குக் கிடைப்பது அரிது. எஞ்சினுக்கான கூடுதல் காப்பும் அப்படியே. பழைய காருக்குக் கேட்டதும் கிடைப்பது வழியில் நின்றால் இழுத்துச் செல்லும் உதவி. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அதை எடுக்கலாம்.

சின்ன அடிக்கு கிளைம் போட்டால் போனஸ் போய்விடுமே, கையிலிருந்தே செலவழித்துவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போனஸ் கழிப்பதற்கு முந்தைய உங்கள் ஓ.டி. 2,200 ரூபாய் என்று வையுங்கள். 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள். கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம், இழப்பு 1,100. அதற்கடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என்று ஏறிவரும்போது இழப்பு 660, 550, 330, 110. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து 2,750 ரூபாய்.

அதாவது தேய்மானமும் கழிவும் போகக் கைக்கு வரும் தொகை 2,750ஐ விடக் கணிசமாக அதிகம் என்றால் தயங்காமல் போடுங்கள். போனஸ் போய்விடும் என்று 20,000 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே விதிவிலக்கு, ஓரிரு ஆண்டில் புதிய கார் வாங்கப்போகிறவர். புதிய காரின் ஓ.டி. பெரிய தொகை. அதில் பாதியைக் குறைக்கும் போனஸை ஒரு சின்னக் கீறலுக்காக இழக்கக் கூடாது.

உப்புக் காற்றில் தரைத் தகடே அரித்துவிட்டது. விபத்து கிளைமோடு அந்த வெல்டிங்கையும் சேர்த்துவிடலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். துரு தேய்மானத்தில் சேரும். எந்தப் பாலிசியும் அதற்குப் பணம் தராது. கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட எங்கள் பட்டறைக்கு வரும் சர்வேயர் ஒருவர் சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். கதவுக்குக் கீழே, படி ஓரத்தில் அதன் முனையை லேசாக அழுத்துவார். நல்ல தகடு 'டிக்' என்று சொல்லும். உப்புத் தின்ற தகடு ஒன்றும் சொல்லாது, முனை உள்ளே போய்விடும். காவி நிறத்தில் தூள் உதிரும். அந்தப் பக்கம் முழுவதையும் அவர் மதிப்பீட்டில் கழித்துவிடுவார்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு விருந்தாளி வந்தாலே தனுஷ்கோடிக்குக் காரை எடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் கடல், சாரல் முழுவதும் காரின் அடிவயிற்றில். திரும்பி வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். நூறு, இருநூறு ரூபாய் வேலை. அடுத்த நாள் பார்க்கலாம் என்றால் அடுத்த மாதம் தம்பியைத்தான் பார்க்க வேண்டிவரும்.

மழையில் கார் மூழ்கினால் பணம் கிடைக்குமா?

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் கிடைக்கும். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் முழுவதும் பட்டறை வாசலில் சேற்று நாற்றம். இருக்கைப் பஞ்சு, ஒயரிங், கார்பெட் எல்லாம் ஊறிய கார்கள். பழைய காரில் ஒயரிங்கும் எஞ்சினும் சேர்ந்தால் 75 சதவீத எல்லையை எளிதில் தொட்டுவிடும்.

ஆனால் ஒன்று. தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் மூழ்கியது விபத்து. மூழ்கிய பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனது பின்விளைவு என்று சொல்லி எஞ்சின் செலவைக் கழித்துவிடுவார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள். 'ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்தேன்' என்ற ஒரே வாக்கியத்தில் எஞ்சினை இழந்தவர் உண்டு. ஆவலை அடக்க முடியாதவர்கள் சாவியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிடலாம்.

பணம் கட்டாமலே வண்டியை எடுக்கலாம் என்ற பட்டறைப் பட்டியல் முக்கியமா?

கொட்டேஷன் எடுக்கும்போதே பாருங்கள். உங்கள் காரின் அங்கீகரிக்கப்பட்ட பட்டறை ராமநாதபுரத்தில் இல்லையென்றால் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு இழுத்துச் செல்ல பாலிசி தருவது பொதுவாக 1,500 ரூபாய் வரைதான்.

உள்ளூர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. பில் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை அவர் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருக்கிறேன். காரில் வரும் என் மனைவி, பிள்ளைகளுக்கு அடிபட்டால்?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி, சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. சொந்தக் காரில் கட்டணமில்லாமல் ஏறி வருபவர் அந்தக் கட்டாயத்துக்குள் வரமாட்டார் என்றே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. சாலையில் நடந்து போகிறவருக்குக் கிடைப்பது உங்கள் பின் இருக்கையில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஃபுல் பாலிசியின் பொறுப்புப் பகுதியில் பயணிகளும் அடக்கம்.

முன்பு சொன்ன 15 லட்சம் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஒருவருக்கு மட்டும்தான். பயணிகளுக்கான விபத்துக் காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கலாம், பெரிய தொகை ஆகாது. காரின் விலையை மட்டும் பார்த்து 'ஒரு லட்சம் ரூபாய் வண்டிக்கு எதற்கு ஃபுல்' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின் இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்பதைத்தான்.

சீசன் நேரத்தில் ராமேசுவரம் யாத்ரீகர்களைச் சொந்தக் காரில் ஏற்றி நாலு காசு பார்க்கலாமா?

வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்தக் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் பாலிசி அனுமதித்த பயன்பாட்டை மீறியதாகிவிடும். அந்தப் பயணத்தில் விபத்து நேர்ந்தால் சொந்தச் சேதத்தை மறுப்பார்கள். அடிபட்டவர்களுக்குக் கொடுக்க நேர்ந்த தொகையையும் உங்களிடம் வசூலிக்கப் பார்ப்பார்கள். வாடகை வாங்கவில்லை, தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாமே என்பார்கள். அடிபட்ட பிறகு யாத்ரீகர் உண்மையைத்தான் சொல்வார்.

கேஸ் கிட் மாட்டியிருக்கிறேன், சொல்ல வேண்டுமா?

ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிலும் பாலிசியிலும் இரண்டிலும் ஏற வேண்டும். ஏறாத கிட் உள்ள கார் தீப்பிடித்தால் கிளைமைக் கேட்கவே வாய் வராது.

பாலிசி முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது, ஊரில் இல்லை. இப்போது என்ன செய்வது?

தேர்டு பார்ட்டியை உடனே எடுக்கலாம், யாரும் வண்டியைப் பார்க்கக் கேட்கமாட்டார்கள். ஃபுல் வேண்டுமென்றால் கம்பெனி வண்டியைப் பார்த்த பிறகுதான் தரும்; இப்போது கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் என்.சி.பி. தப்பிக்கும், தாண்டினால் ஐந்து ஆண்டுச் சேமிப்பும் போச்சு. இடைப்பட்ட நாள்களில் நேர்ந்ததற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை.

வளைகுடாவில் இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் அன்பர்கள் இதைப் படித்தால், புதுப்பிக்கும் தேதியை வீட்டிலுள்ளவர் கைபேசியிலும் போட்டு வையுங்கள்.

கார் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. பாலிசி என் பெயரில் போடலாமா?

முதலில் ஆர்.சி.யை மாற்றுங்கள், பிறகு பாலிசி. காரை வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியை மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்டு பார்ட்டி வண்டியோடு வந்துவிட்டதாகவே சட்டம் கருதும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

உரிமையாளர் இறந்துபோயிருந்தால் விதி வேறு. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இரண்டில் எது முந்தியோ அதுவரை வாரிசுக்குக் காப்பு உண்டு. துக்கத்தில் மூன்று மாதம் போவதே தெரியாது. அத்தா பெயரில் இருந்த காரை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை ஐந்தாவது மாதம் பட்டறைக்கு வந்தபோது எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கவில்லை, ஆனால் இன்சூரன்ஸ் இருக்கிறது. போதுமா?

போதாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கொட்டேஷன் தரும் இணையதளம் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று கேட்காமலே பணத்தை வாங்கிக்கொள்ளும். கேள்வி எழுவது கிளைமின்போதுதான். தற்காலிகப் பதிவு காலாவதியான பிறகு வெளியூர் எடுத்துச் சென்று திருடுபோன ஒரு காருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிரீமியம் கட்டிய ரசீது அங்கே உதவவில்லை.

கிளைமை மறுத்துவிட்டார்கள். வக்கீலைப் பார்க்க வேண்டுமா மகளே?

உடனே வேண்டாம் மாமா. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்; எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஓராண்டுக்குள் போட வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள தகராறுகளை அவர் தீர்ப்பார். துரு, தேய்மானக் கழிவு போன்றவற்றில் மனு போட்டுப் பயனில்லை. வெள்ளத்தில் போன காரை 'ஸ்டார்ட் செய்தீர்கள்' என்று சும்மா சொல்லி மறுத்திருந்தால் கட்டாயம் போடுங்கள். அப்போது அந்தப் படங்கள் பேசும்.

எல்லாம் சரி அக்கா, நீங்கள் உங்கள் காருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

2012ஆம் ஆண்டு சின்னக் கார், 1,000 சி.சி.க்கு உட்பட்டது. ஃபுல்தான். எங்கள் தெரு பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் வாசற்படி வரை தண்ணீர் நிற்கும். பின் இருக்கையில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். ஐ.டி.வி. 90,000 கேட்டேன், 82,000 கொடுத்தார்கள். தேர்டு பார்ட்டிக்கு மேல் எனக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு மாதப் பால் பாக்கிக்கும் குறைவு.

தம்பி தன் காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போட்டிருக்கிறான். எவ்வளவு சொன்னாலும், தகடும் சுத்தியலும் என்னிடமே இருக்கிறதே என்கிறான். இந்த வருடம் அவன் பாலிசி முடிவது நவம்பர் 14. நோட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன்.